கம்பைல் ஆகிவிட்டது, சத்தம்தான் வரவில்லை: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

நாடாப்பெட்டி

என் தாத்தா வில்லுப்பாட்டுக்காரர். கோயில் கொடைகளில் அவர் பாடியதைச் சித்தப்பா டேப்பில் பிடித்து வைத்திருந்தார். மொத்தம் பதினேழு கேசட். பெரும்பாலும் 90 நிமிடம், சிலது 60. பூஞ்சை பிடிப்பதற்குள் கணினியில் ஏற்றிவிடலாம் என்று போன பொங்கல் லீவில் உட்கார்ந்தேன்.

சாக்ஸ் என்ற நிரலை எடுத்துக்கொண்டேன். காலில் மாட்டுவது இல்லை, டெர்மினலில் ஓடுகிற ஒலிக் கருவி. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மௌனம் வருகிற இடத்தில் வெட்டி, அடுத்த கோப்பைத் தானே தொடங்கிவிடும். கோப்புகளுக்கு 001, 002 என்று எண் போடும். எனக்கு எண் வேண்டாம், பதிவான நேரம் பெயரில் வர வேண்டும். சோர்ஸில், அதாவது மூல நிரலில், கை வைத்துப் பார்ப்போமே என்று 14.4.2 பதிப்பின் டார்பாலை (மூலக் கோப்புகளின் மூட்டை) இறக்கினேன். 2015இல் வந்த பதிப்பு. 'அப்ட் (தயாராகக் கட்டிய நிரலை நிறுவும் கட்டளை) போட்டால் ஒரே வரியில் வந்துவிடுமே' என்று எனக்கும் தெரியும், தயவுசெய்து யாரும் அதைச் சொல்ல வேண்டாம்.

கான்ஃபிகர் (மெஷினில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பது), மேக் (கம்பைல் செய்து கட்டுவது), மேக் இன்ஸ்டால் (நிறுவுவது). மூன்றும் ஒரு முனகல் இல்லாமல் முடிந்தன. டீ குடித்துவிட்டு வந்து பதிவைத் தொடங்கினால், /டெவ்/டிஎஸ்பி என்ற சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று நின்றுவிட்டது. அப்படி ஒரு சாதனம் என் மெஷினிலேயே இல்லை. யூஎஸ்பி சவுண்ட் கார்டைச் சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றினேன். லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் மிக்ஸரில் எல்லாக் கம்பத்தையும் மேலே ஏற்றினேன். பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு சவுண்ட் கார்டு கடன் வாங்கினேன். இரண்டு சாயங்காலம் போயிற்று.

மூன்றாம் நாள் வேறு வேலை இல்லாமல் கான்ஃபிகரை மறுபடி ஓட்டி, முதன்முறையாக அதன் அடிப்பக்கத்தைப் படித்தேன். நூற்றுக்கணக்கான 'செக்கிங்' வரிகளுக்குக் கீழே ஒரு சின்னப் பட்டியல். இடப்பக்கம் பெயர், நடுவில் புள்ளிகள், வலப்பக்கம் ஆம் அல்லது இல்லை. அல்சாவுக்கு நேராக 'நோ'. அதன் மேல் ஓடும் பல்ஸ்ஆடியோவுக்கு 'நோ'. ஓஎஸ்எஸ் என்ற பழைய முறைக்கு மட்டும் 'எஸ்'. லினக்ஸில் 2.6 கெர்னல் (மையக்கரு) வந்த 2003 முதல் அல்சாதான் ராஜா. ஓஎஸ்எஸ் காலத்துச் சாதனம்தான் அந்த டிஎஸ்பி. சாக்ஸ் பாவம், தனக்குத் தெரிந்த ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அல்சா இல்லாமலா என் மெஷினில் பாட்டு கேட்கிறேன்? லைப்ரரி இருக்கிறது, ஹெட்டர் கோப்புகள்தான் இல்லை. ஏற்கெனவே கட்டிய நிரல் ஓடுவதற்கு லைப்ரரி போதும். புதிதாக ஒன்றைக் கட்ட ஹெட்டரும் வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையைச் செய்கிறவர்கள் அதை 'டெவ்' என்று முடிகிற தனிப் பேக்கேஜாக வைத்திருக்கிறார்கள். ஃபெடோராவில் 'டெவல்'. லிப்அசவுண்ட்2-டெவ் போட்டு, மேக் கிளீன் கொடுத்து, திரும்பக் கான்ஃபிகர் ஓட்டினேன். 'நோ' இருந்த இடத்தில் 'எஸ்'. சத்தம் வந்தது.

அடுத்த நாளே எம்பி3யாகச் சேமிக்கப் போனேன். அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ஹேண்ட்லர் இல்லை என்றது. அதே பட்டியலில் எம்பி3க்கு நேரிலும் 'நோ' இருந்ததை முந்தின நாள் பார்த்தேன். பார்த்துவிட்டு, அல்சா கிடைத்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

எரர் வந்து நின்றால்கூடத் தேவலை. வெற்றிகரமாக முடிந்துவிட்டு உள்ளே ஓட்டையாக இருப்பதுதான் எனக்கு ஆகவில்லை. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கஞ்சிரா

எனக்கு முதல் அடியே எரர்தான். அதுவும் என்னைத் திட்டுகிற மாதிரி ஒரு எரர்.

வீட்டில் பதிவு செய்ய ஆர்டர் என்ற ஒலிப்பதிவு நிரல் வேண்டும் என்று ஆசை. பால் டேவிஸ் தொடங்கியது. அமேசானின் முதல் நிரலாளர்களில் ஒருவராக இருந்தவர், நிரல்களுக்கிடையே ஒலியைக் கடத்தும் ஜாக் சவுண்ட் சர்வரையும் அவர்தான் தொடங்கினார். ஆர்டரின் சோர்ஸ் இலவசம். அவர்கள் தளத்திலேயே தயாராகக் கட்டிய நிரலை எடுக்க வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். சும்மா கிடைக்கிற டெமோ 10 நிமிடத்தில் மௌனமாகிவிடும். என் தனி ஆவர்த்தனமே 12 நிமிடம்.

கிட்ஹப்பில் பச்சைப் பொத்தானை அழுத்தி ஜிப்பாக இறக்கினேன். மேக் போலக் கட்டிக் கொடுக்கும் வாஃப் கருவியில் கான்ஃபிகர் என்று கொடுத்த அடுத்த நொடி, 'இந்த டார்பால் சரியாக உருவாக்கப்படவில்லை, ரிவிஷன் கோப்பைக் காணோம்' என்று முகத்தில் அடித்தது. ஜிப் பாதியில் அறுந்து இறங்கியிருக்கும் என்று நினைத்து மறுபடி இறக்கினேன். மறுபடியும் அதே. மூன்று தடவை. என் டேட்டா பேக் தீர்ந்ததுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். ஆர்டர் தன் பதிப்பு எண்ணை, கிட் என்ற கருவி சேர்த்து வைத்திருக்கும் மாற்ற வரலாற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஜிப்பில் அந்த வரலாறு வராது. அவர்களே வெளியிடுகிற டார்பாலில் அந்த எண்ணை ஒரு கோப்பில் எழுதி உள்ளே வைத்திருப்பார்கள். கிட்ஹப் தானாகச் செய்து கொடுக்கும் ஜிப்பில் இரண்டுமே இல்லை. கிட் குளோன் செய்து வரலாற்றோடு இறக்கினால் அந்தப் பேச்சே எழாது.

அப்புறம் லைப்ரரிப் படலம். பூஸ்ட் இல்லை என்றது, போட்டேன். லிலோ இல்லை என்றது, போட்டேன். டேக்லிப், ஆபியோ, ரப்பர்பேண்ட், லில்வ். ஒன்று முடிந்தால் ஒன்று, கல்யாண வீட்டுச் சீர் கேட்பது போல. பத்தாவதைப் போட்ட பிறகு ஒரு நண்பர் சொன்னார்: "அப்ட் பில்ட்-டெப் ஆர்டர் என்று கொடுத்தால் டெபியன் தன் ஆர்டரைக் கட்ட என்னென்ன போட்டதோ அத்தனையும் ஒரே வரியில் வந்துவிடும்." சோர்ஸ் பட்டியலில் 'டெப்-எஸ்ஆர்சி' வரியைத் திறந்துவிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை முதலிலேயே யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கட்ட ஆரம்பித்ததும் லேப்டாப் உறைந்துவிட்டது. மவுஸ்கூட நகரவில்லை. பத்து நிமிடம் கழித்து உயிர் வந்தபோது, 'கில்ட்' என்ற ஒரு சொல்லோடு கம்பைலர் செத்துக் கிடந்தது. நிரலில் தப்பு என்று வரிவரியாகத் தேடினேன். தப்பு எதுவும் இல்லை. என் லேப்டாப்பில் 4 ஜிபி ராம். வாஃப் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை கோப்பை ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்ளும். என்னிடம் எட்டு. ஆர்டரின் சி++ கோப்புகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான மெகாபைட் தின்னும். ராம் தீர்ந்ததும் கெர்னலே ஓடுகிற நிரல்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடுகிறது. கெர்னலின் குறிப்பேடான டிமெசெக் பார்த்தால் 'அவுட் ஆஃப் மெமரி' என்று தெளிவாக எழுதியிருந்தது. ஜே2 என்று இரண்டாகக் குறைத்துக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் முடிந்திருந்தது.

பணம் கட்டி வாங்கியிருந்தால் பத்து நிமிட வேலை. டெபியன் ரெப்போவிலும் சும்மாவே இருக்கிறது, கொஞ்சம் பழைய பதிப்பு. இரண்டையும் விட்டு ஐந்து ராத்திரி செலவழித்தேன். அந்த ஐந்து ராத்திரிக்குக் கச்சேரிக்குப் போயிருந்தால் ஆர்டருக்கே சந்தா கட்டியிருக்கலாம். இப்போது கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், வெட்கத்தில்.

அரைத்தூக்கம்

கஞ்சிரா அண்ணே, அந்த எட்டுக் கோர் விஷயத்தில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. எட்டுக் கோப்பு ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்று விழுந்தாலும் மற்ற ஏழும் தங்கள் வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அவற்றின் வார்னிங் எல்லாம் நிஜமான எரருக்குக் கீழே வந்து குவியும். கடைசி வரியில் 'மேக்: எரர் 2' என்று மட்டும் இருக்கும். உதவி கேட்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கடைசி வரியைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். சுடுகாட்டைப் படம் பிடித்து அனுப்பி 'எப்படிச் செத்தார்?' என்று கேட்பது போல.

நான் செய்வது: விழுந்ததும் வெறும் 'மேக்' மட்டும் மறுபடி கொடுப்பேன், ஜே எதுவும் இல்லாமல். முடிந்தவை முடிந்தபடி இருக்கும், விழுந்த கோப்பு மட்டும் தனியாக விழும். எரர் முகத்துக்கு நேரே நிற்கும். மேலே போய் 'எரர்:' என்று வருகிற முதல் வரியைப் பிடித்தால் போதும். அதற்குக் கீழே இருக்கும் நாற்பதும் பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

கீபோர்டுக்காரன்

நாடாப்பெட்டிக்கு உள்ளே ஓட்டை. எனக்கு எல்லாமே இரண்டிரண்டு.

டெபியனில் ஜாக் ஏற்கெனவே இருந்தது, ஜாக்1. ஜாக்2 பல கோரையும் பயன்படுத்தும் என்று படித்துவிட்டு அதைச் சோர்ஸிலிருந்து கட்டினேன். நல்லபடியாக முடிந்தது. சர்வர் ஓடுகிறது. ஜாக்கைக் கிளப்பி நிறுத்தும் கியூஜாக்கன்ட்ரோலில் பச்சை விளக்கு எரிகிறது. சின்த்தை (கணினிக்குள் ஓடும் சிந்தசைசர்) திறந்தால், 'சர்வரோடு இணைய முடியவில்லை, சர்வர் ஓடவில்லை போலிருக்கிறது' என்கிறது. இதோ கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிறதே! ரீஸ்டார்ட் செய்தேன், ரீஇன்ஸ்டால் செய்தேன். கச்சேரிக்கு ஒரு நாள் முன்பு இதையெல்லாம் யாராவது செய்வார்களா? நான் செய்தேன்.

கடைசியில் எல்டிடி என்ற கட்டளை காட்டிக்கொடுத்தது. ஒரு நிரல் எந்தெந்த லைப்ரரியை எங்கிருந்து எடுக்கிறது என்று பட்டியல் போடும். என் சின்த் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் என்ற இடத்திலிருந்து லிப்ஜாக்கை எடுத்துக்கொண்டிருந்தது. அது நான் கட்டிய ஜாக்2. கியூஜாக்கன்ட்ரோலோ, பழைய அமைப்பில் இருந்தபடி /யூஎஸ்ஆர்/பின்னில் இருக்கும் ஜாக்1 சர்வரைக் கிளப்பிக்கொண்டிருந்தது. ஜாக்1, ஜாக்2 இரண்டுக்கும் வெளியே ஒரே முகம். உள்ளே சர்வரும் லைப்ரரியும் பேசிக்கொள்ளும் மொழி வேறு. ஒன்றின் சர்வரோடு இன்னொன்றின் லைப்ரரி பேசாது. சின்த் சொன்னது பொய் இல்லை, அதற்குத் தெரிந்த சர்வர் ஓடவில்லைதான்.

கட்டிய ஃபோல்டரை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அங்கே போய் வாஃப் அன்இன்ஸ்டால், பிறகு லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக். இரண்டு நிமிடம். அந்த ஃபோல்டர் போயிருந்தால் ஒவ்வொரு கோப்பாகத் தேடிப் பிடுங்கியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் எதைக் கட்டினாலும் ஹோம் ஃபோல்டருக்குள் தனி இடம் கொடுத்துவிடுகிறேன். பிடிக்கவில்லை என்றால் ஃபோல்டரோடு தூக்கிப் போடலாம்.

பின்னாளில் புது மெஷினில் பேக்கேஜ் எதுவும் இல்லாமல் நேராக ஜாக்2 கட்டினேன். ஓடியது. ஆனால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி இடையிடையே சத்தம். டெபியன் பேக்கேஜைப் போடும்போது 'ரியல்டைம் முன்னுரிமை (மற்ற நிரல்களுக்கு முன்பாக ஓடும் உரிமை) தரட்டுமா?' என்று ஒரு கேள்வி வரும், நாமும் ஆம் என்று தட்டிவிட்டுப் போவோம். அது லிமிட்ஸ் ஃபோல்டரில் ஆடியோ குழுவுக்கு 95 வரை முன்னுரிமை என்றும், மெமரியைப் பூட்டிக்கொள்ள வரம்பில்லை என்றும் இரண்டு வரி எழுதி வைக்கிறது. சோர்ஸிலிருந்து கட்டினால் அந்தக் கேள்வியே வராது. அந்த இரண்டு வரியை நாமே எழுத வேண்டும், நம்மை ஆடியோ குழுவில் சேர்க்க வேண்டும், லாக்அவுட் செய்து திரும்ப வர வேண்டும். நான் லாக்அவுட் செய்யாமல் ஒரு மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜன்னல்வாசி

எல்லாரும் லினக்ஸ் கதையே சொல்கிறீர்கள். விண்டோஸில் நான் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலைக் கட்டியதற்கு ஒரே காரணம் ஏசியோ என்ற ஒலி டிரைவர் முறை. சில வருடங்களுக்கு முன்பு என் ஆடியோ இன்டர்ஃபேஸில் எட்டு உள்ளீடு இருந்தும் ஆடாசிட்டியில் இரண்டுதான் தெரிந்தது. ஏசியோ டிரைவர் வழியாகப் போனால் எட்டும் கிடைக்கும். ஆனால் அதை உருவாக்கிய ஸ்டைன்பர்க் அப்போது ஏசியோ எஸ்டிகேயை (நிரல் எழுதுவோருக்கான தொகுப்பு) கொடுத்த உரிமமும் ஆடாசிட்டியின் ஜிபிஎல் என்ற திறந்த உரிமமும் ஒத்துப்போகவில்லை. அதனால் தயாராகக் கிடைத்த ஆடாசிட்டியில் ஏசியோ இல்லை. எஸ்டிகேயை நாமே பெற்று நமக்காகக் கட்டிக்கொள்ள முடிந்தது, இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்றிருந்தது.

விஷுவல் ஸ்டூடியோ இறக்கவே அரை நாள் ஆனது. கட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. கஷ்டம் அப்புறம்தான் வந்தது. என் நண்பன் பென்டிரைவோடு வந்து நின்றான். உரிமக் கதையைச் சொன்னேன். "கொடுக்க மனசில்லைன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றான். இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

ஐந்துகட்டை

பிறர் நிரலைத் திட்டிவிட்டீர்கள். நான் என்னுடையதையே திட்டப் போகிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது சி மொழியில் ஒரு தம்புரா எழுதினேன். ஜாக்கில் ஓடும். பஞ்சமம், இரண்டு மேல் சட்ஜம், ஒரு கீழ் சட்ஜம், திரும்பத் திரும்ப. மனைவி பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். அவருடைய தம்புரா பெட்டி ரிப்பேர் ஆனதும், "நீ ஏதோ எழுதினேன்னு பெருமையடிச்சியே, அதை ஓடவிடு" என்றார். பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்தேன்.

மேக் கொடுத்தால் 'மல்ட்டிபிள் டெஃபனிஷன்' என்று பதினைந்து வரி. சட்ஜத்தின் அலைவெண் இருக்கும் மாறியை ஹெட்டர் கோப்பிலேயே அறிவித்திருந்தேன். முன்னால் 'எக்ஸ்டர்ன்' போடவில்லை. அந்த ஹெட்டரை மூன்று சி கோப்புகள் இழுத்துக்கொள்கின்றன. ஆகவே மூன்று சட்ஜம். பழைய ஜிசிசி கம்பைலர் 'சரி, மூன்றும் ஒன்றுதானே' என்று சேர்த்துவிடும். 2020இல் வந்த ஜிசிசி 10 முதல் அந்தச் சலுகை இல்லை. பழைய சி நிரல்கள் நிறைய இந்த இடத்தில்தான் விழுகின்றன. 'எஃப்-காமன்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால் பழைய குணம் திரும்ப வரும். சொந்தக் குழந்தை ஆயிற்றே என்று ஒழுங்காக எக்ஸ்டர்ன் போட்டேன்.

அடுத்து, 'சைன்' ஃபங்ஷனைக் காணோம் என்றது. மேக்ஃபைலில் எல்எம் என்ற கணித லைப்ரரியை எழுதியிருந்தேன், ஆனால் கட்டிய துண்டுகளான ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால். நான் எழுதிய காலத்தில் அது செல்லும். உபுண்டு 11.10 முதல், துண்டுகளை இணைக்கும் லிங்கர், 'இதுவரை யாரும் கேட்காத லைப்ரரி எதற்கு?' என்று அதை விட்டுவிட்டுப் போய்விடும். கேட்பவர் முதலில் வர வேண்டும், கொடுப்பவர் பின்னால். எல்எம்மைக் கடைசிக்குத் தள்ளினேன். கட்டி முடிந்தது.

ஓடவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மனைவி சமையலறையிலிருந்து, "என்னது, அஞ்சே முக்காலா?" என்றார்.

சுருதியை ஐந்து கட்டை என்று வைத்திருக்கிறேன், ஐந்து கட்டைதான் என்றேன். அவர் வந்து சட்ஜம் பிடித்தார். சேரவில்லை. என் நிரலில் எங்கோ ஒரு வரியில் 44100 என்று எண்ணாகவே எழுதி வைத்திருந்தேன், நொடிக்கு அத்தனை மாதிரி என்று. ஜாக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை நானே முடிவு செய்திருக்கிறேன். அன்றைய என் மெஷினில் அது சரி. இன்றைய மெஷினில் ஜாக்கின் இடத்தில் பைப்வயர் ஓடுகிறது, அதன் இயல்பான வேகம் 48000. ஒரே அலை சற்று வேகமாக ஓடிவிடுகிறது. விகிதம் 1.088, கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்வர இடம். அதாவது முக்கால் கட்டை.

கம்பைலர், லிங்கர் இரண்டுமே இதைப் பிடிக்கவில்லை. அவற்றின் வேலையும் இல்லை.

பவானிக்காரி

எனக்குப் பார்வை இல்லை. லினக்ஸில் ஓர்க்கா திரைவாசிப்பான் வைத்துத்தான் இதையெல்லாம் படிக்கிறேன், எழுதுகிறேன். தமிழ் வாசிப்பது ஈஸ்பீக் என்ஜி. என் கதையில் சத்தம் போனால் திரையே போன மாதிரி, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

'பாம்பு' என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒரே ப வரிசைதான், ஒலி வேறு. என் ஊர்ப் பெயரான பவானிக்குக் கடைசி எழுத்தின் ஒலி. ஆனால் சொல்லின் முதலில் வரும் ப என்றால் முதல் ஒலிதான் என்பது பொது விதி. ஈஸ்பீக்கும் அப்படித்தான் வாசித்தது. தினமும் பத்துத் தடவையாவது என் ஊர்ப் பெயரைத் தப்பாகக் கேட்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

சோர்ஸை எடுத்தேன். தமிழ் உச்சரிப்பு விதிகள் ஒரு கோப்பு, விதிவிலக்குச் சொற்கள் இன்னொரு கோப்பு. இரண்டும் வெறும் டெக்ஸ்ட். விதிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, மேக் டிஏ என்று கொடுத்தால் தமிழ் அகராதி மட்டும் கட்டப்படும். (கம்பைலர் வெளியீட்டை ஓர்க்கா வாசிக்கக் கேட்பது தனி அனுபவம். ஒவ்வொரு வரிக்கும் பாதை முழுவதையும் 'சாய்கோடு, சாய்கோடு' என்று சொல்லும். நான் கோப்பில் திருப்பிவிட்டு 'எரர்' என்ற சொல்லை மட்டும் தேடுவேன்.)

கட்டிய நிரலைச் சோதித்தால் மௌனம். முதலில் ஃபோன்டேப் என்ற கோப்பைக் காணோம் என்றது. தரவு இருக்கும் ஃபோல்டரைச் சூழல் மாறியில் காட்டியதும் அது தீர்ந்தது. பிறகு எரரும் இல்லை, சத்தமும் இல்லை. நாடாப்பெட்டி அண்ணா சொன்ன அதே பட்டியல்தான். கான்ஃபிகர் முடிவில் பிசிஆடியோலிப்புக்கு நேராக 'நோ' இருந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் ஈஸ்பீக் பேசும், ஆனால் ஸ்பீக்கருக்குப் போகாது. வேவ் கோப்பாக எழுதச் சொன்னால் எழுதும். அதற்கான டெவ் பேக்கேஜைப் போடாமலேயே, வேவ் கோப்பாக எழுதி ஏபிளேயில் போட்டுக் கேட்டேன். என் ஊர் என் ஊராகவே கேட்டது.

சிஸ்டத்தில் இன்ஸ்டால் செய்து எல்டிகான்ஃபிக்கும் கொடுத்தேன். ஓர்க்கா இன்னும் பழையபடியே வாசித்தது. ஓர்க்கா நேராக ஈஸ்பீக்கிடம் போகாது, நடுவில் ஸ்பீச் டிஸ்பேச்சர் என்று ஒருவர். அவர் காலையில் எடுத்த பழைய லைப்ரரியைக் கையிலேயே வைத்திருந்தார். அவரை நிறுத்திக் கிளப்ப வேண்டும். நிறுத்திய நொடி என் திரை ஊமை. திரும்ப வராவிட்டால் என்ன எரர் என்று படிக்கக்கூட வழியில்லை. தம்பியை வீடியோ காலில் உட்கார வைத்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன். மூன்று வினாடி இருக்கும். நான் மூச்சே விடவில்லை. வந்துவிட்டது.

இரண்டு நாள் சந்தோஷம். மூன்றாம் நாள் செய்தி கேட்டுக்கொண்டிருந்தபோது பவளம் என்ற சொல் வந்தது. அதையும் என் ஊர் மாதிரியே வாசித்தது. 'பவ' என்று தொடங்குவதற்கெல்லாம் விதி எழுதியிருக்கிறேன்! அந்த வரியை எடுத்துவிட்டு, ஊர்ப் பெயரை மட்டும் விதிவிலக்குக் கோப்பில் சேர்த்தேன். தம்பியை மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது.

நாடாப்பெட்டி

பவானிக்காரி, அந்த மூன்று வினாடியைப் படித்து நானும் மூச்சை நிறுத்தினேன்.

என் பக்கத்து நிலவரம். எம்பி3 வேண்டாம், தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகவே சேமிக்கலாம் என்று முடிவு செய்தேன். அதற்கும் பட்டியலில் 'நோ'தான், லிப்ஃபிளாக்-டெவ் போட்டேன். கோப்புப் பெயரில் நேரம் வருகிறது. மௌன அளவை 1 சதவிகிதம் என்று வைத்திருந்தேன். டேப்பின் இரைச்சலே அதைவிடக் கூடுதல், அதனால் வெட்டவே இல்லை. 3 சதவிகிதம் என்றதும் பாட்டுக்குப் பாட்டு வெட்டுகிறது. ஆனால் தாத்தா கதை சொல்லும்போது நடுவில் நிறுத்துவார், கூட்டம் 'ஆமா' போடுவதற்காக. அங்கேயும் வெட்டிவிடுகிறது. மௌனம் 2 வினாடி என்றிருந்ததை 5 வினாடி ஆக்கியிருக்கிறேன்.

நான்காவது கேசட்டில் தாத்தா குரல் கனத்துவிட்டது. ஐந்துகட்டை எழுதியதைப் படித்துவிட்டு 44100, 48000 என்று எல்லா இடத்திலும் தேடினேன். எல்லாம் சரி. டேப் ரெக்கார்டரைக் கழற்றிப் பார்த்தால் மோட்டார் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மாதிரிச் சதுர ரப்பர் பெல்ட் இன்னும் எங்கேயாவது கிடைக்குமா?

அரைத்தூக்கம்

சென்னை என்றால் ரிச்சி தெருவில் கேளுங்கள். பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், சுற்றளவு ஒத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். போவதற்கு முன்பு கப்பியில் ஒட்டியிருக்கும் தாரை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள். கையில் பட்டால் இரண்டு நாள் போகாது, பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.